மர அச்சு இயந்திரத்தில் நான்கு பக்க வாரப் பத்திரிகை: 1770-களின் வில்லியம்ஸ்பர்க் முறையில், படிப்படியாக

அமெரிக்கா பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் அங்கே வாரப் பத்திரிகை என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான். இரு புறமும் அச்சடித்து நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் நான்கு பக்கம். அதை அதே மர இயந்திரத்தில், அதே ஒழுங்கில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் இயந்திரத்தில் பழகியவர்களுக்கும் இது வேறு வேலை. அங்கே உருளை மை தடவும், தாள் காய்ந்தே இருக்கும். இங்கே இரண்டு பேரின் கைதான் எல்லாம். புதிதாக வருகிறவர்கள் கைப்பிடியை இழுப்பதுதான் கடினம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பத்திரிகை கெடுவது அதற்கு முந்தைய நாளில், தாளை நனைக்கும் தொட்டியிலும், காலியான எழுத்துக் கேஸிலும்தான் (கேஸ் என்பது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் மரப் பெட்டி). அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

1. தொடங்கும் முன் கணக்குப் போடுங்கள்

600 பிரதி என்று வைத்துக்கொள்வோம். தாள் 15க்கு 20 அங்குலம். ஒரு கொயருக்கு 24 தாள் என்ற பழைய கணக்கில் 25 கொயர் வேண்டும். கெட்டுப்போகும் தாளுக்காக இன்னும் 2 கொயர் சேர்த்து நனையுங்கள். நடுவில் தாள் தீர்ந்துவிட்டால் உடனே நனைத்துச் சேர்க்க முடியாது. காரணம் 6ஆம் படியில் வரும்.

எழுத்து எவ்வளவு வேண்டும்? சுமார் 10 பாயிண்ட் அளவில் மூன்று நெடுக்குப் பத்தியாகக் கோத்தால், அதாவது ஈய எழுத்துகளை வரி வரியாக அடுக்கினால், ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 11,000 எழுத்து போகும். ஈய எழுத்தின் எடையைக் கணக்கிட எளிய வழி, 4 சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு. ஒரு பக்கம் 13 கிலோ, நான்கு பக்கம் 52 கிலோ. ஆனால் 52 கிலோ வாங்கினால் போதாது. கேஸில் மற்ற எல்லாம் இருந்து ஆங்கில 'ஈ' (e) மட்டும் தீர்ந்தாலும் வேலை நின்றுவிடும். ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கணக்கு: கோக்க இரண்டு பேர், இயந்திரத்தில் இரண்டு பேர், கைவேலைக்கு ஒரு பையன். அன்றைய அச்சுக்கூடத்தில் அந்தப் பையன்தான் முதலில் எழுந்து நெருப்பு மூட்டி, தண்ணீர் சுமந்து, எழுத்தில் மை ஒற்றும் பந்தின் தோலை மிதித்து மென்மையாக்குவான். பாஸ்டனில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் அண்ணனிடம் 1718-இல் தொழில் பழக ஒப்பந்தமானபோது வயது 12, ஒப்பந்தம் 21 வயது வரை. பின்னாளில் பெயர்பெற்ற அச்சடிப்பாளரான ஐசையா தாமஸ் அச்சுக்கூடத்துக்குள் வந்தபோது வயது 6. எல்லாரும் விரும்பி வந்தவர்களும் அல்ல. 1756-இல் தொடங்கிய 'நியூ ஹாம்ப்ஷையர் கெஜட்'டை இயந்திரத்தில் அடித்தவர் பிரைமஸ் என்ற அடிமை மனிதர்.

2. வாரத்தை வியாழனிலிருந்து பின்னோக்கிப் பிரியுங்கள்

பத்திரிகை வியாழன் காலை தபால்காரரின் குதிரையில் ஏற வேண்டும். மற்ற நாள்களை அதிலிருந்து பின்னோக்கி அமையுங்கள்.

வெள்ளியன்று போன வார எழுத்தைப் பிரித்துப் போட வேண்டும். சனியன்று வெளி ஃபாரம், அதாவது தாளின் ஒரு புறத்தில் சேர்ந்து அச்சாகும் 1ஆம், 4ஆம் பக்கங்களின் எழுத்துத் தொகுப்பு, கோக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை. திங்கள் பகலில் வெளி ஃபாரம் முடிந்து ப்ரூஃப், அதாவது பிழை பார்க்கச் சோதனை அச்சு. உள் ஃபாரமும் தொடங்கியாக வேண்டும். மாலையில் தாள் நனைக்க வேண்டும். செவ்வாய் வெளி ஃபாரம் இயந்திரத்தில் ஓடும். புதன் உள் ஃபாரம், அதாவது 2, 3ஆம் பக்கங்கள். புதன் இரவு உலர்த்தல்.

வெளி ஃபாரம் முதலில் போவதற்குக் காரணம், அதில் காத்திருக்கக்கூடிய சரக்கு இருக்கிறது என்பதே. 1ஆம் பக்கத்தில் லண்டன் பத்திரிகைகளிலிருந்து எடுத்த பழைய செய்தியும் கட்டுரையும், 4ஆம் பக்கத்தில் விளம்பரம். புதன் காலை துறைமுகத்தில் கப்பல் வந்தால் அந்தச் செய்தி 2ஆம் அல்லது 3ஆம் பக்கத்தில்தான் ஏற முடியும். அந்தக் காலத்துப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் சூடான செய்தியை உள்ளே தேட வேண்டியிருப்பது இதனால்தான். முதல் பக்கம் முக்கியமான பக்கம் என்ற இன்றைய பழக்கத்தோடு வருகிறவர்கள் உள் ஃபாரத்தை முதலில் அடித்துவிடுகிறார்கள். பிறகு வரும் செய்திக்கு இடம் இருக்காது.

3. முதல் வேலை கோப்பது அல்ல, பிரிப்பது

காலி கேஸை வைத்துக்கொண்டு கோக்க உட்காராதீர்கள். கழுவின பக்கத்தை லேசாக ஈரமாகவே பிரியுங்கள். ஈரம் இருந்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நாலைந்து வரியை இடது கையில் ஏந்தி, ஒரு சொல்லை வலது கை விரல்களில் எடுத்து, எழுத்து எழுத்தாக அதனதன் அறையில் விடலாம். காய்ந்த வரி கையில் உதிர்ந்துவிடும்.

சொல்லை முழுதாகப் படித்த பிறகே விடுங்கள். இங்கே ஒரு எழுத்து தப்பான அறையில் விழுந்தால், அது அடுத்த வாரம் பிழையாக வந்து நிற்கும். அதிகம் தடுமாற வைப்பது நீள 'எஸ்'. அது 'எஃப்' போலவே இருக்கும்; நடுக்கோடு பாதிதான், அல்லது இல்லவே இல்லை. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் நீள 'எஸ்', முடிவில் மட்டும் குட்டை 'எஸ்'. பிரிக்கும்போது இரண்டு அறையும் கலந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கத் திருத்தம்தான்.

குளிர்காலத்தில் ஈர எழுத்தை நெருப்பருகே வைத்துச் சூடாக்கிப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. செய்யாதீர்கள். லண்டனில் அப்படிச் செய்தவர்களின் கைகள் நடுங்கிச் செயலிழந்ததைப் பற்றி பிராங்க்ளின் 1786-இல் ஒரு கடிதத்தில் எழுதினார்; காரணம் ஈயம் என்பதே அவர் முடிவு. எழுத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

4. கோத்தல்

ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை வரியாக அடுக்கும் கைத்தட்டை, பத்தியின் அகலத்துக்கு ஒருமுறை இறுக்கி, எல்லாப் பத்திக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கோத்தால் இரண்டு ஸ்டிக்கையும் ஒரே மரத்துண்டை வைத்து அளந்து சரிபாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் முடுக்கும்போது ஒருவர் கோத்த பத்தி இறுகும், மற்றவருடையது உதிரும்.

எழுத்தின் உடலில் இருக்கும் வெட்டு மேலே பார்க்க வேண்டும். விரல் அதைத் தடவியே எழுத்து நேராக இருக்கிறதா என்று அறியும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் வராது. 'என்'னைத் தலைகீழாக வைத்தால் 'யூ' ஆகிவிடும் என்பதைக் கண் பல நேரம் விட்டுவிடும், விரல் விடாது.

வரி நிரப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் சேர்த்து, ஸ்டிக்கைச் சாய்த்தாலும் வரி விழாமல் நிற்கும் அளவுக்கு நிரப்புங்கள். கட்டைவிரலால் தள்ளினால் நகர வேண்டும். குத்தித் திணித்தால்தான் போகும் என்றால் அதிகம்.

நல்ல கை மணிக்கு 1000 எழுத்து கோக்கும். உள் ஃபாரம் இரண்டு பக்கமும் புதுச் சரக்கு, 22,000 எழுத்து. இரண்டு பேருக்கு ஆளுக்கு 11 மணி நேரம், திருத்தம் தனி. செவ்வாய் மாலை தொடங்கலாம் என்று இருந்தவர்கள் புதன் இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோத்துக்கொண்டிருப்பார்கள். திங்களே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

விளம்பரத்தை மட்டும் பிரிக்காதீர்கள். பர்டியும் டிக்சனும் வில்லியம்ஸ்பர்க்கில் நடத்திய 'வர்ஜீனியா கெஜட்'டில் நடுத்தர நீள விளம்பரத்துக்கு முதல் வாரம் 3 ஷில்லிங், அடுத்து ஒவ்வொரு முறைக்கும் 2 ஷில்லிங். ஆண்டுச் சந்தாவே 12 ஷில்லிங் 6 பென்ஸ்தான். இரண்டாம் வாரம் கோக்கும் கூலி இல்லை. நூலால் கட்டிக் 'கேலி' என்ற தட்டில் வைத்ததை அப்படியே எடுத்து வைத்தால் போதும். அச்சுக்கூடம் பிழைத்தது இந்தக் கட்டி வைத்த ஈயத்தால்தான். 1765-ஆம் ஆண்டு பிரிட்டன் விதித்த முத்திரை வரி ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங் கேட்டபோது அச்சடிப்பவர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். அந்த விளம்பரங்களில் நிறைய, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்பவை. அவற்றுக்கென்றே நடக்கும் மனித உருவம் செதுக்கிய சின்னக் கட்டை கேஸில் தயாராக இருந்தது. அந்தக் கட்டையைக் கையாளும்போது அது என்ன வேலை செய்தது என்பதை உடனிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

5. பக்கம் வைத்தல், முடுக்குதல்

கோத்த பக்கங்களைத் தட்டையான வேலைக் கல்லில் வைக்கும்போது அச்சு கண்ணாடிபோல் திரும்பி விழும் என்பது நினைவிருக்கட்டும். பக்கங்களின் அடிப்பகுதி உங்கள் பக்கம் இருக்க, வெளி ஃபாரத்தில் 1 இடப்புறம், 4 வலப்புறம். உள் ஃபாரத்தில் 3 இடப்புறம், 2 வலப்புறம். படிக்கிற வரிசையில் வைத்தால் மடித்த பத்திரிகை பின்பக்கத்திலிருந்து தொடங்கும்.

பக்கங்களைச் சுற்றிச் சேஸ் என்ற இரும்புச் சட்டகத்தைப் போட்டு, மரச் சட்டங்களை இட்டு, ஆப்புகளை விரலால் மட்டும் இறுக்குங்கள். இப்போது தட்டுக்கட்டையை எழுத்தின் மேல் வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டி எல்லா எழுத்தையும் கல்லில் உட்கார வையுங்கள். அதற்குப் பிறகே ஆப்புகளைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முதலில் இறுக்கிவிட்டுத் தட்டினால் எழுத்து இறங்காது, முகம்தான் நசுங்கும். ஒரே ஆப்பை முழுக்க அடித்தால் பத்தி வளையும். எல்லாவற்றையும் மட்டுமீறி அடித்தால் ஃபாரம் நடுவில் வில்லாக மேலே எழும்.

தூக்குவதற்கு முன் சேஸின் ஒரு மூலைக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு கொடுத்து, விரலால் எழுத்தை அழுத்திப் பாருங்கள். இறங்குகிற எழுத்து இருந்தால் அந்த வரி நிரம்பவில்லை. சேஸை இளக்கி அந்த வரியைச் சரிசெய்யுங்கள். இரும்புச் சேஸோடு ஃபாரம் 30 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் சேர்ந்து, செங்குத்தாகத் தூக்கிச் செல்லுங்கள். கிடையாகத் தூக்கினால் நடுவிலிருந்து கொட்டும். அப்படிக் கொட்டிய ஒரு பக்கத்தைப் பொறுக்கிப் பிரித்து மறுபடி கோக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

6. தாள் நனைத்தல்

இதைத் தவிர்த்துவிட்டு நல்ல அச்சு எடுத்தவர் யாரும் இல்லை. கந்தலில் செய்த கைத்தாள் விலங்குப் பசை ஏற்றிக் கெட்டியாக்கப்பட்டது. காய்ந்த நிலையில் அது மையை ஏற்காது. மர இயந்திரத்தின் திருகுக்கு இரும்பு இயந்திரத்தின் பலம் கிடையாது. நார் மென்மையானால்தான் குறைந்த அழுத்தத்தில் எழுத்து பதியும்.

எல்லாத் தாளையும் முக்காதீர்கள். ஒரு கொயரைச் சில பிடிகளாகப் பிரித்து, ஒரு பிடியைத் தொட்டித் தண்ணீரில் மெதுவாக இழுத்து எடுங்கள். அடுத்ததைக் காய்ந்தபடியே அதன் மேல் வையுங்கள். இப்படி மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பலகையும் கல்லும் ஏற்றுங்கள். சில மணி நேரம் கழித்து அடுக்கை இடம் மாற்றிக் கலைத்து அடுக்கி, மறுபடி பாரம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். ஈரம் ஈரத் தாளிலிருந்து காய்ந்த தாளுக்குப் போய்ச் சமமாகும். அவசரமாக ஒரு மணி நேரத்தில் நனைத்த தாளில் ஓரம் சொதசொதவென்றும் நடு காய்ந்தும் இருக்கும்.

பதம் பார்க்கத் தாளைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. வெளிச்சத்தில் சாய்த்தால் தண்ணீர்ப் பளபளப்பு இருக்கக்கூடாது. உதறினால் சலசலக்கக்கூடாது, துணிபோல் தொங்க வேண்டும். கோடையில் நனைத்த தாளை ஓரிரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

7. மையும் மைப் பந்தும்

மை என்பது காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் விளக்குக் கரி சேர்த்தது. எண்ணெய்ப் பதம் தெரிய, ஆறிய ஒரு துளியை இரு விரல்களுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் நூல்போல் இழுபட வேண்டும். காய்ச்சுவதைக் கூரைக்கு வெளியே, எந்த மரமும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். இந்த எண்ணெய் திடீரென்று தீப்பிடிக்கும். முதல்முறை செய்பவர்கள் விற்கிற கெட்டி மையை வாங்கிக்கொள்வது நல்லது.

மைப் பந்து என்பது கைப்பிடியுள்ள மரக் கிண்ணத்தில் கம்பளி அடைத்து, ஆட்டுத் தோலை இழுத்து ஆணியடித்தது. எப்போதும் ஒரு சோடி. தோல் காய்ந்தால் மை பிடிக்காது. அதனால்தான் அன்று இரவுதோறும் தோலைக் கழற்றிச் சிறுநீரில் ஊறவைத்தார்கள். பத்திரிகைக்கூடத்தின் நாற்றத்துக்கு இதுவே முக்கியக் காரணம்.

மை ஏற்றும் ஆள், அதாவது அடிப்பவர், பந்தில் கொஞ்சம் மை எடுத்து, இரு பந்தையும் ஒன்றன்மேல் ஒன்று உருட்டி மையைச் சமப்படுத்தி, பிறகு ஃபாரத்தின் மேல் ஒற்றி ஒற்றிப் போக வேண்டும். தேய்க்கக்கூடாது, தேய்த்தால் எழுத்தின் பக்கவாட்டில் மை இறங்கிக் குழி அடைபடும். ஆங்கில அச்சடிப்பாளர்கள் மை அப்பிய இடத்தை 'மங்க்' என்றும், மை படாமல் வெளுத்த இடத்தை 'ஃப்ரையர்' என்றும் சொன்னார்கள். மங்க் வந்தால் மையைச் சரியாக உருட்டவில்லை. ஃப்ரையர் வந்தால் ஒற்றிக்கொண்டு போகும்போது இடம் விட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் மூலையில்.

8. டிம்பன், ஃப்ரிஸ்கெட், ஊசிகள்

டிம்பன் என்பது தாளைத் தாங்கும், தோல் போர்த்திய சட்டம். உள்ளே கம்பளித் துணி. ஃப்ரிஸ்கெட் என்பது தாளை அணைத்துப் பிடிக்கும் மெல்லிய இரும்புச் சட்டம். அதில் ஒட்டிய காகிதத்தில் பக்க அளவுக்குச் சன்னல் வெட்ட வேண்டும். முதலில் வெட்டாமல் ஒருமுறை அதன் மேலேயே அச்சடித்து, விழுந்த அச்சைச் சுற்றிச் சற்று அகலமாக வெட்டுங்கள். நெருக்கி வெட்டினால் ஓர எழுத்தை ஃப்ரிஸ்கெட் கடித்துவிடும்.

டிம்பனில் இரண்டு ஊசிகள் மடிப்புக் கோட்டின் இரு முனையிலும் வரும். முதல் புறம் அடிக்கும்போது அவை தாளில் துளையிடும். மறுபுறம் அடிக்கும்போது அதே துளைகளில் தாளை மாட்டினால் இரு புறமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இரண்டு ஊசியையும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் வைக்காதீர்கள். ஒன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். அப்போது தலைகீழாகத் திருப்பிய தாள் ஊசியில் மாட்டவே மாட்டாது. 600 தாளையும் தலைகீழாக அடித்துவிட்டுத் திகைப்பதை இந்தச் சின்ன வித்தியாசம் தடுக்கும்.

9. ஓட்டுதல்

அழுத்துப் பலகை பாதித் தாளை மட்டுமே மூடும். ஆகவே ஒரு புறத்துக்கு இரண்டு இழுப்பு: ஃபாரம் இருக்கும் வண்டியைப் பாதி உள்ளே உருட்டி ஓர் இழுப்பு, மீதியையும் உருட்டி இன்னொன்று. ஓர் இழுப்புக்கு ஒரு பக்கம். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று சட்டத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 600 பிரதிக்கு 2,400 இழுப்பு. பழகிய இருவர் மணிக்கு 250 தாள் ஒரு புறம் அடிப்பதாகத் தொழிலில் கணக்கு. புதியவர்கள் 100 என்று வைத்துக்கொண்டால் ஒரு புறத்துக்கே 6 மணி நேரம்.

கையால் மட்டும் இழுக்காதீர்கள். ஒரு காலைப் படியில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, எடையால் இழுங்கள். இல்லாவிட்டால் நூறாவது தாளில் தோள் விட்டுப்போகும். கைப்பிடி முழுக்கத் திரும்பி, பலகை மேலே எழுந்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து இழுபட்டு இரட்டையாகத் தெரியும். தாளைத் தொடுபவரின் கையில் மை இருக்கக்கூடாது. அடிப்பவரும் இழுப்பவரும் இடம் மாறும்போது கை கழுவ நேரம் கொடுங்கள். அடிப்பவர் சும்மா நிற்கும் ஒவ்வொரு நொடியும் முந்தைய தாளைப் பார்க்க வேண்டும். எழுத்து மேலெழுந்தாலோ மை வெளுத்தாலோ அவர்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அடித்த அடுக்கை ஈரத்துணியால் மூடி, பலகைக்கு அடியிலேயே வையுங்கள். செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் தாள் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் ஊசித் துளை பொருந்தாது, இழுத்து மாட்டினால் கிழியும்.

மறுபுறம் அடிக்கும்போது முதல் புறத்து மை இன்னும் பச்சையாக இருக்கும். அது டிம்பனில் ஒட்டி அடுத்த தாளுக்குத் தாவும். டிம்பன் மேல் ஒரு வெற்றுத் தாளை ஒட்டி, அழுக்கானதும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

10. உலர்த்தி, கழுவி, கட்டி வைத்தல்

ஆறேழு தாளைச் சேர்த்துக் கயிற்றில் தொங்க விடுங்கள். ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டால் விளிம்பு சுருளும், இடமும் போதாது. காலைக்குள் ஈரம் போகும், மை முழுதாகக் காயாது. அதனால் மடிக்கும்போது எழுத்தின் மேல் விரலைத் தேய்க்காமல் எலும்புத் துண்டால் மடிப்பை அழுத்துங்கள்.

ஃபாரத்தை ஓட்டி முடித்த கையோடு கழுவுங்கள். சாம்பல் காரநீரை மென்மையான தூரிகையால் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். காரநீர் மிச்சமிருந்தால் பிரிக்கிறவரின் விரல் நுனி வெடிக்கும். மறுநாள் கழுவலாம் என்று விட்ட எழுத்தில் மை இறுகி, அடுத்த வார அச்சில் எழுத்தின் குழியெல்லாம் அடைபட்டு வரும்.

தொடரும் விளம்பரங்களை நூலால் நான்கைந்து சுற்று கட்டி, நுனியை அடியில் செருகிக் கேலியில் ஏற்றுங்கள். பத்திரிகைத் தலைப்பையும் அதோடு கட்டி வைப்பீர்கள். கட்டுவதற்கு முன்பே அதில் தேதியையும் இதழ் எண்ணையும் அடுத்த வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.